நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் புள்ளி

2011ஆம் ஆண்டு மார்கழி மாதம். என் தமக்கையின் பரிசோதனை அறிக்கையை வாங்கிவர நான்தான் சென்றிருந்தேன். நான்கு பக்கங்கள். மூன்று பக்கங்களில் எண்களும் சுருக்கக் குறிகளும். நான்காம் பக்கத்தில் ஒரு வண்ணப்படம் இருந்தது. கருமையான பின்னணியில் நீல உருண்டைகள். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சிவப்பும் பச்சையுமாய்ச் சில புள்ளிகள். ஓரிரு இடங்களில் சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மஞ்சளாகியிருந்தன. கல்லூரியில் நன்னூலும் சிற்றிலக்கியமும் நடத்துகிற எனக்கு அப்படத்தைக் கண்டதும் முதலில் தோன்றியது, ‘அழகாக இருக்கிறதே’ என்பதுதான். மாலையில் மருத்துவர் அந்த மஞ்சள் புள்ளியைப் பேனா முனையால் தொட்டு, “இதுதான் அக்காவுக்கு வந்திருக்கிற நோய்” என்றார்.

அழகென்று நினைத்தது நோய் என்று தெரிந்த அந்தக் கணத்தின் கூச்சம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மறுநாள் எங்கள் கல்லூரித் தாவரவியல் துறை நண்பரிடம் படத்தைக் காட்டி, “இந்த நீலம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். “அது டாப்பி என்கிற சாயம் சார். டி.என்.ஏ. மேல் ஒட்டிக்கொண்டு ஒளிரும். தூக்க நோய்க்கு மருந்து தேடும்போது கிடைத்தது” என்றார். ஆப்பிரிக்காவில் ஈ கடித்து வரும் நோய்க்கு மருந்து தேடியவர்கள் செய்த பொருள், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் இரத்தப்புற்று நோயைக் காட்டும் படத்தின் பின்னணியாக எப்படி வந்தது? அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் விட்டுவிட்டுப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. அறிவியல் முறையாகப் பயின்ற வாசகர்கள் பிழை கண்டால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

இருட்டில் ஒளிர்ந்த குழாய்

கதை மலேரியாவில் தொடங்குகிறது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் குயினைனை நீரில் கரைத்து வெயிலில் வைத்தால் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீலம் படரும். 1845இல் ஜான் ஹெர்ஷல் இதனைப் பதிவு செய்தார். காரணத்தைக் கண்டவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்; ஆண்டு 1852. அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே ஏழு நிறங்களாகப் பிரித்து, குயினைன் நிரம்பிய குழாயைச் சிவப்பிலிருந்து ஊதாவை நோக்கி மெல்ல நகர்த்தினார். சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் ஒன்றும் நிகழவில்லை. ஊதாவின் எல்லையை நெருங்கி, அதையும் கடந்து, கண்ணுக்கு ஒளியே புலப்படாத பகுதிக்குள் நுழைந்தபோது குழாய் நீலமாய் ஒளிர்ந்தது. நாம் காணவியலாத ஒளியை வாங்கி, நாம் காணக்கூடிய ஒளியாக அது திருப்பித் தந்தது. இவ்வியல்புக்கு ஸ்டோக்ஸ் ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரை ஒட்டி ‘ஃபுளோரசன்ஸ்’ என்று பெயரிட்டார். நம் பாடநூல்கள் இதனை ‘உடனொளிர்தல்’ என்கின்றன.

சாயத்துக்கும் ஒளிர் சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைக் காட்டுகிறது. ஒளிர் சாயமோ விழுங்கியதை வேறு நிறமாக்கித் தானே உமிழ்கிறது. இருட்டறையில் அது மட்டுமே தெரியும். வெள்ளைச் சுவரில் ஒரு மஞ்சள் பொட்டைத் தேடுவதற்கும், அமாவாசை இரவில் ஓர் அகல்விளக்கைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஸ்டோக்ஸுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1856இல், அதே குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றான் லண்டனில் பதினெட்டு வயது மாணவன் ஒருவன். வில்லியம் ஹென்றி பெர்கின் என்பது அவன் பெயர். வெப்ப நாடுகளில் தன் படைகளையும் அதிகாரிகளையும் மலேரியாவிலிருந்து காக்கப் பிரிட்டனுக்குக் குயினைன் இன்றியமையாததாய் இருந்த காலம். ஈஸ்டர் விடுமுறையில் வீட்டு ஆய்வறையில் அவன் செய்த சோதனையில் குயினைன் கிடைக்கவில்லை. கரிய கசடொன்று கிடைத்தது. அதைச் சாராயத்தில் கரைத்தபோது பளிச்சென்ற ஊதாச் சாயம் தோன்றியது. ‘மாவ்’ எனப்பட்ட அதுவே செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கம்.

அத்தொழில் மிகுதியும் வளர்ந்தது ஜெர்மனியில். 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் ‘ஃபுளோரசீன்’ என்னும் பொருளை உருவாக்கினார். நீரில் கலந்தால் பளீரென்ற பச்சை. இதே பேயர்தான் அவுரி நீலத்தையும் செயற்கையாக உருவாக்கியவர்; 1897 முதல் அது ஆலையில் பெருமளவில் உற்பத்தியாகி இந்திய அவுரிச் சாகுபடியைச் சாய்த்தது. ஃபுளோரசீனை முதலில் பெருமைப்படுத்தியது துணியன்று, ஓர் ஆறு. டான்யூப் ஆறு ஜெர்மனியின் இம்மெண்டிங்கன் அருகே நிலத்துக்குள் புதைந்து மறைகிறது. அந்நீர் எங்கே போகிறதென்று அறிய 1877இல் சுமார் பத்துக் கிலோ ஃபுளோரசீன் சாயத்தை அங்கே கொட்டினார்கள். இரண்டரை நாள் கழித்து, மலைக்கு அப்பால், ரைன் ஆற்றோடு சேரும் ஆக் என்னும் ஊற்றில் பச்சை ஒளிர்ந்தது. காணவியலாத பாதைக்குள் ஒளிரும் பொருளொன்றை அனுப்பிவிட்டு அது எங்கே வெளிப்படுகிறது என்று காத்திருப்பது: இனி வரும் கதை முழுவதற்கும் இதுவே சுருக்கம்.

நிறமேறிய உடல்

1869இல் ட்யூபிங்கன் நகரில், ஒரு பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த ஆய்வகத்தில், ஃபிரெட்ரிக் மீஷர் என்னும் இளைஞர் மருத்துவமனையிலிருந்து வந்த காயக்கட்டுத் துணிகளின் சீழை அலசிக்கொண்டிருந்தார். சீழிலுள்ள வெள்ளணுக்களின் உட்கருவிலிருந்து பாஸ்பரஸ் மிகுந்த பொருளொன்றைப் பிரித்தெடுத்து ‘நியூக்ளின்’ என்றார். நாம் இன்று டி.என்.ஏ. என்பது அதன் தூய வடிவம். ஆனால் அவரால் அதை உயிரணுவுக்குள் இருந்த இடத்தில் பார்க்க முடியவில்லை. உயிரணு கண்ணாடி போன்றது. அதற்குள் இருப்பவையும் கண்ணாடி போன்றவையே.

அதைக் காட்டிக்கொடுத்தவை ஜெர்மானியச் சாய ஆலைகளின் சாயங்கள். வால்டர் ஃபிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் உயிரணுக்களைச் சாயத்தில் தோய்த்தபோது உட்கருவுக்குள் ஒரு பொருள் மட்டும் சாயத்தை ஆவலோடு பற்றியது. அதற்கு ‘குரோமாட்டின்’ என்று பெயரிட்டு, உயிரணு பிரியும்போது அது நூல்களாகித் தோன்றுவதை 1882இல் நூலாகவே எழுதினார். 1888இல் வால்டேயர் அந்த நூல்களைக் ‘குரோமோசோம்’ என்றார். கிரேக்கத்தில் ‘நிற உடல்’ என்று பொருள். இலங்கைத் தமிழர் இதனை ‘நிறமூர்த்தம்’ என்று அழகாகத் தமிழாக்கியுள்ளனர். அந்த உடலுக்கென்று சொந்த நிறம் கிடையாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சாயம் கொடுத்த நிறமே அதன் பெயராயிற்று. பரம்பரையைச் சுமப்பது எதுவென்று தெரிவதற்கு முன்பே, சாயத்தைப் பற்றுவது எது என்று தெரிந்திருந்தது.

இந்தப் பற்றுதலிலிருந்து ஒரு மருத்துவக் கோட்பாட்டையே எழுப்பியவர் பால் எர்லிக். ஒரு சாயம் ஓர் உயிரணுவைத் தேடிப் பற்றுகிறது, இன்னொன்றை விட்டுவிடுகிறது என்றால், கிருமியை மட்டும் பற்றிக் கொல்லும் சாயம் ஏன் இருக்கக் கூடாது? 1891இல் மெத்திலீன் நீலத்தை இரண்டு மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் காரணமான டிரிபனோசோம் என்னும் ஒற்றையணு உயிரியை நோக்கி நூற்றுக்கணக்கான சாயங்களைச் சோதித்தார். எதுவும் எதையும் பற்றாமல் செயல்படாது என்பது அவரது கொள்கை. நம் கதையின் சாவி இந்தக் கொள்கையில் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இடைச்செருகல்

எர்லிக்கின் தேடலில் கிடைத்தவற்றுள் அக்ரிடின் என்னும் மஞ்சள் சாயக் குடும்பம் ஒன்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த அக்ரிஃபிளேவினும் புரோஃபிளேவினும் உலகப் போர்க்காலத்தில் காயங்களைக் கழுவும் மருந்துகளாகப் பயன்பட்டன. போர்வீரனின் புண்ணில் பூசப்பட்ட இச்சாயம்தான் பின்னர் மரபுக் குறியீட்டின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தது.

1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை முன்வைத்தனர். சுருளேணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படிகள் 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், தட்டுகளை அடுக்கியதுபோல் அமைந்திருக்கின்றன. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு.) அக்ரிடின் மூலக்கூறோ அப்பளம்போல் தட்டையானது. இது அந்தப் படிகளுக்கு இடையே நுழைந்து அமர்ந்துகொள்கிறது என்று 1961இல் லெனர்ட் லெர்மன் காட்டினார். சாயம் சேர்ந்த டி.என்.ஏ. கரைசல் கூடுதல் பிசுப்பு உடையதாயிற்று, டி.என்.ஏ. நீண்டும் விறைத்தும் போயிருந்தது. ஒரு சாய மூலக்கூறு நுழையும் இடத்தில் ஒரு படிக்குரிய இடைவெளி கூடுகிறது; சுருளும் அங்கே சற்றே பிரிகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், நாட்காட்டியில் கூடுதல் நாளைச் செருகுவதைக் குறிக்கும் சொல். நமக்கோ சுவடிப் பதிப்பாசிரியர்கள் தந்த ‘இடைச்செருகல்’ என்னும் சொல் தயாராக இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இந்த இடைச்செருகலின் விளைவு என்ன? டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது புரோஃபிளேவின் உடனிருந்தால் ஓர் எழுத்து கூடிவிடுகிறது, அல்லது குறைந்துவிடுகிறது. ஏடெழுதுவோன் கைப்பிழை போலவே. பழைய ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது என்பதை இத்தளத்தின் வாசகர்கள் அறிவார்கள். டி.என்.ஏ.யும் அப்படித்தான். மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு ‘அவன்மகள்படம்பாரும்’ என்று எழுதிப் பாருங்கள். அவன், மகள், படம், பாரும் என்று பிரியும். முதல் எழுத்தை அடுத்து ஒரு ககரத்தைச் செருகினால் அகவ, ன்மக, ள்பட, ம்பாரு என்று கடைசிவரை குழம்பிப்போகும். இரண்டு எழுத்தைச் செருகினாலும் குழப்பமே. மூன்றைச் செருகினால் தொடக்கத்தில் சிறு பகுதி கெட்டு, பிறகு மகள், படம், பாரும் என்று ஒழுங்கு திரும்பிவிடும்.

கிரிக், பிரென்னர், லெஸ்லி பார்னெட், வாட்ஸ்-டோபின் ஆகிய நால்வரும் கேம்பிரிட்ஜில் செய்தது ஏறத்தாழ இதுதான். டி4 என்னும் வைரசின் ஒரு மரபணுவில் புரோஃபிளேவினால் நேர்ந்த பிழைகளை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். ஒரே வகைப் பிழை ஒன்றிருந்தால் மரபணு வேலை செய்யவில்லை, இரண்டிருந்தாலும் இல்லை, மூன்று சேர்ந்தபோது வேலை செய்தது. எனவே, மரபுக் குறியீடு மூவெழுத்துச் சொற்களால் ஆனது. 1961 டிசம்பரில் வெளியான இக்கட்டுரையை உயிரியலின் மிகச் செறிவான தருக்கங்களுள் ஒன்றாக எண்ணுகிறார்கள். எழுத்தொன்றையும் கண்ணால் காணாமல், ஒரு சாயம் செய்த பிழைகளைக் கொண்டே யாப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆரஞ்சுப் பட்டைகள்

ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் டிரிபனோசோம் மனிதர்களைப் போலவே மாடுகளையும் தாக்குகிறது. ‘நகனா’ என்று அந்நோய்க்குப் பெயர். 1950களின் தொடக்கத்தில் அதற்கு மருந்தாகப் பிரிட்டனில் வந்தது ஹோமிடியம் புரோமைடு. ஆய்வகங்களில் அதற்கு வழங்கும் பெயர் எத்திடியம் புரோமைடு. இதுவும் தட்டையான மூலக்கூறு. இதுவும் படிகளுக்கிடையே நுழைவது.

1960களின் நடுவில் பிரான்சில் லெபெக்கும் பவோலெட்டியும் கண்டது இது: எத்திடியம் நீரில் தனியே இருக்கும்போது மங்கலாகத்தான் ஒளிர்கிறது, டி.என்.ஏ.க்குள் நுழைந்தால் ஏறத்தாழ இருபது மடங்குக்குமேல் ஒளிர்கிறது. நீரில் இருக்கும்போது அது வாங்கிய ஆற்றலைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் கவர்ந்துவிடுகின்றன. டி.என்.ஏ. படிகளுக்கிடையே தஞ்சம் புகுந்ததும் நீர் அண்ட முடிவதில்லை, ஆற்றல் ஒளியாகிறது. ஆகவே அந்த ஆரஞ்சு ஒளியை ‘நான் உள்ளே இருக்கிறேன்’ என்று சாயம் சொல்லும் செய்தியாக எடுத்துக்கொள்ளலாம். வெறும் நிறத்தைக் கடந்து, வடிவத்தை அறியும் கருவியாகச் சாயம் மாறியது இந்த இடத்தில்தான்.

1967இல் கலிஃபோர்னியாவில் ஜெரோம் வினோகிராடும் அவருடைய மாணவர்களும் இதை அற்புதமாகப் பயன்படுத்தினர். சில டி.என்.ஏ.க்கள் முனையற்ற வளையங்கள். கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு முறுக்கினால் அது தன்மேல் தானே சுருண்டுகொள்ளுமல்லவா? அதுபோல் அவை முறுக்குண்டு கிடக்கும். எத்திடியம் நுழையும் இடந்தோறும் சுருள் பிரிய வேண்டும். முனை திறந்த டி.என்.ஏ. தாராளமாகப் பிரிந்து நிறையச் சாயத்தை ஏற்கும். மூடிய வளையம் ஓர் அளவுக்குமேல் பிரிய முடியாமல் குறைவாகவே ஏற்கும். சாயம் கூடக்கூட அடர்த்தி குறைவதால், சீசியம் உப்புக் கரைசலில் வேகமாகச் சுழற்றும்போது இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். புற ஊதா விளக்கின்கீழ் ஒரே குழாயில் இரண்டு ஆரஞ்சுப் பட்டைகள். வடிவ வேறுபாடு கண்முன் நின்றது.

சில ஆண்டுகளில், 1972–73இல், ஆம்ஸ்டர்டாமிலும் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலும் அகரோஸ் கூழ்ப்பலகையில் ஓடவிட்ட டி.என்.ஏ. துண்டுகளை எத்திடியத்தால் ஒளிரச் செய்யும் முறை வந்தது. அதற்கு முன்பு கதிரியக்கம் ஏற்றிய துண்டுகளைக் கண்டறிய நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இப்போதோ விளக்கைப் போட்டால் தெரியும். எங்கள் கல்லூரி நண்பர் இருட்டறையில் ஒருமுறை எனக்கு அதைக் காட்டினார். தணல் கோடுகள்போல் இருந்தது. நான் விரலை நீட்டியதும் என் கையைத் தட்டிவிட்டார். கையுறையின்றித் தொடக்கூடாதாம். மாட்டுக்கு ஊசியாகப் போட்ட மருந்தை மனிதன் விரலால் தொட அஞ்சுகிறான். அந்த அச்சத்தில் பொருளுண்டு: டி.என்.ஏ.வில் இடைச்செருகும் எதுவும் ஏட்டைக் கெடுக்கக்கூடியது.

தவறான காரணம், சரியான படம்

இதற்கிடையில் ஸ்டாக்ஹோமில் டோர்பியான் காஸ்பர்சன் வேறொரு மருந்தோடு வந்தார். இரண்டாம் உலகப் போரில், 1942இல் ஜாவாவை ஜப்பான் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து அற்றுப்போயிற்று. பதிலாகப் படைவீரர்கள் விழுங்கியது குயினக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரை. அவர்களின் தோலே மஞ்சளாயிற்று. இதுவும் அக்ரிடின் குடும்பமே. காஸ்பர்சனும் அமெரிக்கக் கூட்டாளிகளும் இதனோடு குவானின் என்னும் எழுத்தைப் பற்றும் ஒரு கொக்கியை இணைத்தால் குவானின் மிகுந்த இடங்கள் ஒளிரும் என எதிர்பார்த்தனர். 1968இல் தாவரக் குரோமோசோம்களிலும், 1970இல் மனிதக் குரோமோசோம்களிலும் ஒளிப்பட்டைகள் தோன்றின. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு தனி வரிசை, கைரேகைபோல. பின்னர்த்தான் தெரிந்தது, ஒளிர்ந்தவை குவானின் மிகுந்த இடங்களல்ல என்று. குவானின் ஒளியை அணைத்தது. அடினினும் தைமினும் மிகுந்த இடங்களே ஒளிர்ந்தன. காரணம் தலைகீழாக இருந்தும் படம் சரியாக இருந்தது.

அப்படத்தைக் கொண்டுதான் என் தமக்கையின் நோய் விளக்கம் பெற்றது. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் ஒருவகை இரத்தப்புற்றில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டிருந்தனர். துண்டொன்று தொலைந்துவிட்டது என்றே கருதப்பட்டது. சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் ஜேனட் ரோலி, ஆக்ஸ்ஃபோர்டில் குயினக்ரின் முறையைக் கற்றுவந்து, ஒளிப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வரிசைப்படுத்தினார். 1973இல் அவர் கண்டது: துண்டு தொலையவில்லை. 22ஆம் குரோமோசோமின் துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் அமர்ந்திருந்தது. பாட்டின் ஓரடி வேறொரு பாட்டின் ஈற்றில் எழுதப்பட்டுவிட்டது போல. பின்வந்தவர்கள் அந்த ஒட்டில் உண்டாகும் பிழையான புரதத்தைக் கண்டனர். அதை அடைக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்தின் காப்புரிமை வழக்கு சென்னையில் தொடங்கி 2013இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததும், எங்களைப் போன்றவர்கள் அதை வாங்க முடிந்ததும் வேறு கதை.

நீலத்தின் ஊர்

இனி நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டாப்பி, ஜெர்மனியின் எர்லாங்கனில் ஓட்டோ டான் என்பவரின் ஆய்வகத்தில் 1971இல் உருவானது. நோக்கம், டிரிபனோசோமுக்கு மருந்து. மருந்தாக அது நிலைபெறவில்லை. ஆனால் டி.என்.ஏ.வைப் பற்றியதும் நீலமாய் ஒளிர்ந்தது. எத்திடியம்போல் இது படிகளுக்கிடையே நுழைவதில்லை. சுருளேணியின் புறத்தே ஓடும் இரண்டு பள்ளங்களில் குறுகிய பள்ளத்தில், அடினினும் தைமினும் அடுத்தடுத்து வரும் இடம் பார்த்து, வளைந்து படுத்துக்கொள்கிறது. சாய ஆலையாகத் தொடங்கிய ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் 33258 என்னும் எண்ணுடைய பொருளும் அப்படியே.

ஒளிரும் சாயங்களெல்லாம் மலேரியாவிலும் தூக்க நோயிலும் பிறந்தவையாக இருப்பது தற்செயலா? நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். இல்லை என்றே இப்போது தோன்றுகிறது. டிரிபனோசோமுக்குள் அதன் உட்கருவைத் தவிர வேறோர் இடத்திலும் டி.என்.ஏ. வளையங்கள் சங்கிலிபோல் ஆயிரக்கணக்கில் பின்னிக் கிடக்கின்றன. அவை அடினினும் தைமினும் மிகுந்தவை. டி.என்.ஏ.வை இறுகப் பற்றும் பொருளே அந்த உயிரியைக் கொல்ல வல்லது. அதே பற்றுதலே அப்பொருளை ஒளிரவும் செய்கிறது. பற்றாதது செயல்படாது என்ற எர்லிக்கின் கொள்கை இங்கே இரண்டு பொருளும் தருகிறது. நஞ்சும் விளக்கும் ஒரே பண்பின் இரு முகங்கள். மருந்து தேடியவர்கள் தம்மையறியாமல் டி.என்.ஏ.வைப் பற்றும் பொருள்களைச் சலித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்கொரு மனச்சுமையும் உண்டு. தூக்க நோய் ஏழைகளின் நோய். அதற்கான தேடலை முதலில் உந்தியது பேரரசுகளின் நலன். தேடல் தந்த பொருள்களுள் சில ஆப்பிரிக்காவின் மாடுகளைக் காத்தன. ஆனால் அவற்றின் வெளிச்சம் மிகுதியும் விழுந்தது செல்வ நாடுகளின் ஆய்வகங்களில். அதிலொரு கீற்று 2011இல் எங்கள் வீட்டிலும் விழுந்தது. அந்தக் கடன் யாருக்குரியது என்பதையேனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வடிவங்களைத் தேடி

ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. தன்மேல் தானே மடிந்து பலவித வடிவம் கொள்வது. அக்ரிடின் ஆரஞ்சு என்னும் சாயம் இரட்டை இழை டி.என்.ஏ.க்குள் தனித்தனியே நுழைந்து பச்சையாகவும், ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வின்மேல் கும்பலாய் ஒட்டிச் சிவப்பாகவும் ஒளிரும். 1950களில் புற்றணுக்களை அடையாளம் காண இதனைப் பயன்படுத்தினர். 1977இல் இதே சாயத்தைக் கொண்டு நீரிலுள்ள பாக்டீரியாக்களை வடிகட்டியில் பிடித்து நேரடியாக எண்ணும் முறை செம்மையுற்றது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் லட்சக்கணக்கில் உயிர்கள். ஆய்வகத் தட்டில் வளர்பவை அவற்றில் மிகச் சிறிய பங்கே. அதுவரை எண்ணியதெல்லாம் தட்டில் வளரச் சம்மதித்தவற்றை மட்டுமே என்பது தெரிந்தது.

அடுத்த படி, சாயத்துக்கு முகவரி கொடுப்பது. 1980களில், தேடும் வரிசைக்கு எதிரிணையான டி.என்.ஏ. துண்டில் ஒளிர் சாயத்தைக் கட்டி உயிரணுவுக்குள் அனுப்பினார்கள். அது தன் இணையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். என் தமக்கையின் படத்திலிருந்த சிவப்பு 9ஆம் குரோமோசோமின் முகவரி. பச்சை 22ஆம் குரோமோசோமின் முகவரி. இரண்டும் சேர்ந்த மஞ்சள், ரோலி தம் மேசையில் கண்ட அதே ஒட்டு. 1996இல் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் கொண்டை ஊசிபோல் மடிந்த துண்டின் ஒரு முனையில் சாயத்தையும் மறுமுனையில் அதை அணைக்கும் பொருளையும் வைத்தனர். இணை கிடைத்தால் ஊசி நிமிரும், முனைகள் விலகும், ஒளி பிறக்கும். 2020இல் கோடிக்கணக்கானோர் மூக்கில் குச்சி விட்டுச் செய்துகொண்ட கொரோனா பரிசோதனையும் இவ்வகையே. சாயமும் அணைப்பானும் பூட்டிய துண்டு வைரசின் வரிசையில் ஒட்டுகிறது. படியெடுக்கும் நொதி அதை வெட்டும்போது சாயம் விடுபட்டு ஒளிர்கிறது. அச்சாயங்களுள் பெரிதும் பயன்படுவது ஃபுளோரசீனின் வழித்தோன்றல். டான்யூபில் கொட்டிய அதே பச்சை.

இந்த வரலாற்றில் நம் ஊர்ப் பெயரும் ஓரிடத்தில் வருகிறது. 1966இல் சென்னையில் பிறந்து, மறு ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து சென்ற சங்கர் பாலசுப்பிரமணியன், கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து, எழுத்துக்கொரு நிறமாக ஒளிர்சாயம் கட்டி டி.என்.ஏ.வைப் படிக்கும் அதிவேக முறையை உருவாக்கியவர். அவர் ஆய்வகத்தின் இன்னொரு தேடல், இரட்டைச் சுருளல்லாத ஒரு வடிவம். குவானின் மிகுந்த இடங்களில் நான்கு குவானின்கள் சதுரமாய் அமர்ந்து அடுக்காகலாம் என்பது 1962 முதல் சோதனைக் குழாயில் தெரிந்ததே. உயிரணுவுக்குள் அது உண்மையில் உண்டா? 2013இல், அந்த நான்மடி வடிவத்தை மட்டும் பற்றும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு மனித உயிரணுக்களில் ஒளிப்புள்ளிகளைக் காட்டினார்கள்.

உடனே எழுந்த ஐயம் நியாயமானது. பற்றும் பொருளே அந்த வடிவத்தை உண்டாக்கியிருக்கலாம் அல்லவா? எத்திடியம் தான் காட்டும் சுருளைப் பிரித்தே காட்டுகிறது. குயினக்ரின் நாம் நினைத்ததற்கு மாறான எழுத்தைக் காட்டியது. காட்டும் கருவி காட்டப்படுவதைத் தொடாமல் இருப்பதில்லை. 2020இல் உயிருள்ள அணுக்களில், வடிவத்தைக் குலைக்காத மிகக் குறைந்த அளவில் ஒளிர் மூலக்கூறுகளைச் செலுத்தி, ஒற்றை மூலக்கூறு ஒட்டுவதையும் விலகுவதையும் கண்டது அந்த ஐயத்துக்குத் தந்த விடை. ஐயம் முழுதும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை, தீரவும் வேண்டியதில்லை. உரையாசிரியர் வழியே மூலத்தைப் படிக்கிறவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. உரையின்றி மூலம் விளங்குவதில்லை. உரையோ மூலத்தின்மேல் தன் நிறத்தை ஏற்றாமல் விடுவதில்லை. செய்யக்கூடியது, எந்த உரை எங்கே நிறமேற்றுகிறது என்று தெரிந்து படிப்பதே.

என் தமக்கை இன்றும் நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்குகிறார். குறித்த மாதங்களில் இரத்தம் கொடுக்கிறார். இப்போது படம் வருவதில்லை. அந்தப் பிழையான ஒட்டிலிருந்து எழும் ஆர்.என்.ஏ. எவ்வளவு மீந்திருக்கிறது என்று ஒளியை அளந்து ஓர் எண்ணாகத் தருகிறார்கள். சென்றமுறை அறிக்கையை வாங்கி வந்து நீட்டியபோது, “வெளிச்சம் தெரியுதாடா?” என்று கேட்டார். “இல்லைக்கா” என்றேன். சில வீடுகளில் வெளிச்சம் தெரியாததே நற்செய்தி.